குழந்தை எறியும் வீடு

உலக வறுமையை ஒழிப்பது கடினம். அதை ஆங்கிலத்தில் ஒழிப்பது அதைவிடக் கடினம். இரண்டையும் ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம் என்று கிளம்பியவள் நான் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். (எந்த வகுப்பில் தேறினேன் என்று கேட்காதீர்கள். பட்டம் பட்டம்தான்.) ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. குன்றத்தூரில் பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்கி, அங்கே டீக்கடையில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்குப்பட்டுப் பக்கம் போவேன். இன்றைக்கு அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே கம்பெனி செங்கல் சூளைதான். ஆணும் பெண்ணும் விடியும் முன்பே அங்கே போய்விடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்தார்கள். பையன்கள் தட்டோடு ஓடி வந்தார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. காரணம் அவர்கள் இடுப்பில் இருந்தது. அம்மா சூளைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்காக்காரிதான். குழந்தையோடு வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். வீட்டில் இருந்தால் சாப்பாடும் கிடையாது, படிப்பும் கிடையாது. நாளைக்கு அவளும் சூளைக்கு. பள்ளியை ஒட்டி ஒரு குழந்தைகள் காப்பகம் வந்துவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடாமல் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டர் உட்பட.

அப்போதுதான் எங்கள் திட்ட அதிகாரி சந்தானம் சார் அந்தச் செய்தியைச் சொன்னார். குழந்தைகளின் வறுமையைக் குறைக்க அரசுகள் என்ன செய்யலாம் என்று நாடு நாடாகப் போய்ப் பார்த்து யோசனை சொல்லும் ஒரு குழு சென்னைக்கு வருகிறது. ஒரு பிற்பகல் நம் பக்கம் வருவார்கள். அவர்கள் சிபாரிசு செய்தால் காப்பகம் நிச்சயம்.

"யாராவது இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லணும். நான் பேசட்டுமா?" என்றார்.

"நான் பேசறேன் சார்."

"முடியுமா வசந்தா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்." (என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் நடந்திருக்கின்றன.)

ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். முழுப் பேச்சும் மனப்பாடம். அம்மா, "யாருகிட்டடி சண்டை போடறே?" என்று கேட்டாள்.

அடுத்து ஊரைத் தயார் செய்ய வேண்டும். சூளைப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் ரோசாலி. அவள் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவளுடைய மூத்த மகள் ஸ்டெல்லா இரண்டாம் வகுப்போடு நின்றுபோனவள். கடைக்குட்டித் தம்பியை இடுப்பில் வைத்தே வளர்ந்ததில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள்.

"ரோசாலிக்கா, பெரியவங்க வராங்க. எதையும் மாத்தாதீங்க. எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றேன்.

"செரிம்மா. நாங்க பாத்துக்கிறோம். நீ கவலப்படாத" என்றாள்.

அவளும் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னபோதே நான் கலவரப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நாள் வந்தது. இரண்டு கார்கள் புழுதியோடு வந்து நின்றன. முன்னால் இறங்கியவர் குழுவின் தலைவி. நெடுநெடுவென்று உயரம், வெள்ளை முடி, கனிவான முகம். பின்னால் நிபுணர்கள். நான் கைகூப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் வாழைமரம். குழந்தைகள் எல்லாம் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் எடுத்த துணியில் இருந்தார்கள். முகத்தில் அப்பியிருந்த பவுடரில் யார் யாரென்றே தெரியவில்லை. அதைவிட மோசம், சூளைப் பெண்கள் எல்லோரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தலையில் பூவோடு, அவரவர் குழந்தையை அவரவரே இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். அக்காக்காரிகள்? அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் காட்ட நினைத்த பிரச்சினை அந்த ஊரில் இல்லவே இல்லை.

தலைவி அம்மையார் மகிழ்ந்து போனார். "அருமை! பெண் குழந்தைகள் எல்லோரும் வகுப்பில், கைக்குழந்தைகள் தாயோடு! இங்கே எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு நிபுணர்களைப் பார்த்தார். அவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ரோசாலியின் காதருகே போய், "அக்கா, எப்பவும் போல இருக்கச் சொன்னேனே! உடனே எல்லாரையும் சூளைக்குப் போகச் சொல்லுங்க!" என்றேன்.

"உனுக்கு இன்னா மண்ட கொயம்பிப் போச்சா? கூலிய வுட்டுட்டு வந்துகீறோம். வூட்டுக்கு வர்றவங்க முன்னாடி அயுக்குத் துணியோடவா நிப்பாங்க?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? குழு காரை நோக்கி நகர்ந்தது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். மனப்பாடம் செய்த பேச்சைத் தேடினேன். ஒரு வரி கூட இல்லை, துடைத்துவிட்டது போல் போயிருந்தது. ஆனாலும் பேசியே தீருவது என்று முடிவு செய்து, தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்ற ஆரம்பித்தேன்.

'தினமும் காலையில் தாய்மார்கள் பிள்ளைகளைப் போட்டுவிட்டுச் சூளைக்குப் போகிறார்கள்.' இதுதான் நான் சொல்ல நினைத்தது. 'போட்டுவிட்டு' என்ற சொல்லுக்கு என் மூளை 'த்ரோ' என்று எடுத்துக் கொடுத்தது. சூளைக்கு ஆங்கிலத்தில் 'கில்ன்'. பதற்றத்தில் கடைசி எழுத்து என் தொண்டையிலேயே தங்கிவிட, அது 'கில்' ஆயிற்று. அதாவது, கொலை.

"எவ்ரி மார்னிங் மதர்ஸ் த்ரோ த பேபீஸ் அண்ட் கோ டு கில்!" என்றேன் உரத்த குரலில்.

கைக்கடிகாரம் பார்த்தவர் கையை இறக்கினார். அம்மையாரின் முகம் வெளுத்தது. (ஏற்கெனவே வெளுப்புதான். இன்னும் வெளுத்தது.) அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து உற்சாகமாகி, எங்கள் கோரிக்கையையும் வைத்தேன்.

"வீ வாண்ட் ஒன் ரூம். ஃபார் த்ரோயிங் பேபீஸ்!"

குழந்தைகளை எறிய ஓர் அறை வேண்டும்!

அம்மையார் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ரோசாலியின் இடுப்பிலிருந்து கடைக்குட்டியைப் பாய்ந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் காக்கப் புறப்பட்டவர், கண்ணெதிரே இருப்பதை விட்டுவிடுவாரா? குழந்தை அந்தப் புது முகத்தைப் பார்த்து வீறிட்டது.

"ஐயய்யோ! வெள்ளக்காரம்மா புள்ளைய புட்ச்சிகிச்சி!" என்று ஒரு குரல்.

"நான் அப்பவே சொன்னேன், புள்ளைங்கள சீமைக்கு இஸ்துகினு போகத்தான் வந்துகீறாங்க!" என்று இன்னொரு குரல்.

அவ்வளவுதான். ரோசாலி குழந்தையின் காலைப் பிடித்தாள், அம்மையார் விடவில்லை. மற்ற பெண்கள் அவரவர் குழந்தையை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். நிபுணர்கள் அவர்களைத் துரத்தினார்கள், காப்பாற்றுவதற்காக. சந்தானம் சார், "நோ த்ரோ! நோ கில்!" என்று கத்திக்கொண்டு எல்லோர் பின்னாலும் ஓடினார். வாழைமரம் சாய்ந்தது. நான் ரோசாலிக்கும் அம்மையாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பறித்தது. அடுத்து, என் ஒரே பட்டுப்புடவையை நனைத்தது.

புடவை நனைந்ததும் எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. மானம் போய்விட்டது, இனிப் போக ஒன்றும் இல்லை. காப்பகத்தையாவது வாங்காமல் விடுவதில்லை. ஆங்கிலத்தை அங்கேயே தலைமுழுகினேன். அம்மையாரிடம் இரு கை நீட்டிக் கெஞ்சிக் குழந்தையை வாங்கினேன். "ஸ்டெல்லா!" என்று கூப்பிட்டேன். வகுப்பிலிருந்து வந்தவளின் இடுப்பில் தம்பியை வைத்து, "உள்ள போ" என்றேன்.

அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து பள்ளிக்கூட வாசலில் கால் வைத்தாள். வெளியே நடந்த கலவரத்துக்குக்கூடத் திரும்பாமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாத்தியார், குழந்தையின் சிணுங்கலைக் கேட்டதும் வாய்ப்பழக்கமாகக் குரல் கொடுத்தார்.

"வெளிய போ, வெளிய! பச்சப்புள்ளைய தூக்கினு உள்ள வராதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

ஸ்டெல்லா திரும்பி, சுவரைச் சுற்றிப் போய் ஜன்னலுக்குக் கீழே வெளியில் உட்கார்ந்தாள். அங்கே மண் ஏற்கெனவே உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, உள்ளே மற்றவர்கள் சொன்ன வாய்ப்பாட்டைத் தானும் சேர்ந்து சொன்னாள்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அம்மையார் போய் அவள் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தார். வாய்ப்பாடு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு சந்தானம் சார் மூச்சு வாங்கிக்கொண்டு இரு தரப்புக்கும் விளக்கினார். நான் என்ன சொன்னேன் என்பதைத் தமிழில் கேட்டதும் ரோசாலி தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துத் துடைத்துக்கொண்டு, அம்மையாரைப் பார்த்து நேராகவே சொன்னாள்: "பள்ளிக்கூடத்தாண்ட ஒரு கூர போட்டுக் குடு. பாத்துக்க ரெண்டு பொம்பளைங்க, நாலு தூளி. எம் பொண்ணு உள்ள குந்திகினு படிக்கட்டும். எங்களுக்கு வேற இன்னா வோணும்?"

சார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

காப்பகம் உடனே வந்துவிடவில்லை. ரோசாலியும் மற்ற பெண்களும் நானும் சளைக்காமல் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் நடையாய் நடந்தோம். அதிகாரிகள் எங்களைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போகப் பழகினார்கள். நாங்கள் பின்வாசலில் நிற்கப் பழகினோம். அடுத்த மழைக்காலத்துக்குள் கூரை ஏறியது. ஸ்டெல்லா மறுபடியும் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள், வகுப்பிலேயே உயரமானவளாக. இன்று அவள் நர்ஸ்.

கூரை ஓடாகி, ஓடு தளமாகிவிட்டது. பலகையில் அரசாங்கம் வைத்த அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ஊரில் அதை யாரும் சொல்வதில்லை. வழி கேட்டால், "கொயந்த எறியற வூடா? நேராப் போம்மா" என்பார்கள்.

என் வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மகள் வேலைக்குப் போகிறாள். தினமும் காலையில் பேரனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்:

"அம்மா, புள்ளைய எறிஞ்சிட்டேன்! நான் கொலைக்குக் கிளம்பறேன்!"