எழுத்தாளரின் ஷூவைத் துடைத்தேன்

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். நாங்கள் எதையும் பார்க்க மாட்டோம். தொட்டுத்தான் பார்ப்போம். (கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மாப்பிள்ளை முகமெல்லாம் அப்புறம்.)

அப்போது ஆம்பூரில் ஒரு கம்பெனியில் சாம்பிள் பிரிவு என் பொறுப்பு. ஒரு பிரவுன் ஷூ சாம்பிளோடு என்னையும் மேனேஜர் தனசேகரையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்டர் கிடைத்தால் எங்கள் தையல் லைன் ஓடும். கிடைக்காவிட்டால் மூடிவிடுவார்கள். அந்த லைனில்தான் என் வீட்டுக்காரரின் தங்கை எஸ்தர் மெஷின் ஓட்டினாள். புருஷன் இல்லாதவள். அந்தச் சம்பளத்தில்தான் மகளைக் கல்லூரியில் படிக்க வைத்தாள்.

"சாக்லேட்டெல்லாம் வேணாம் அண்ணி. ஆர்டர வாங்கினு வாங்க, போதும்" என்று சொல்லி வழியனுப்பினாள்.

சாம்பிளில் ஒரு கோளாறு இருந்தது. ஈரம் பட்டால் சாயம் விடும். கடைசிப் பூச்சு அடிக்காமலே அவசரத்தில் முடித்திருந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே சொன்னேன்.

"இன்னா மேடம், பேஜார் பண்ணினு" என்றார் தனசேகர். "அவங்க ஷேப்பு பாப்பாங்க, தையல் பாப்பாங்க. அவ்ளோதான். ஆர்டர் வரட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம். கம்முனு வாங்க."

கம்மென்று போனேன். கம்மென்றே திரும்பியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மீட்டிங். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறோமே என்று மார்க் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். மார்க்தான் ஆர்டரை முடிவு செய்கிறவன். டிசைன் படித்த பையன், நல்லவன். கடல், தோல் பதனிடும் ஷாப்பு வாய்க்கால் நிறத்தில் இருந்தது. காற்று கன்னத்தில் அறைந்தது. கரையோரம் ஒரு வீடு. எப்போதோ செத்துப்போன ஒரு எழுத்தாளர் அங்கே இருந்துதான் எழுதினாராம். அவர் எழுதியதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. தனசேகரும் படித்ததில்லை. ஆனால் அவர் அறைக்கு அறை 'பியூட்டிஃபுல்' என்றார். கதவுக்கும் சொன்னார்.

எழுத்தாளரின் பேனா, கண்ணாடி, கட்டில். அவர் சாப்பிட்ட தட்டைக்கூட வைத்திருந்தார்கள். (எங்களுக்குக் காலையிலிருந்து யாரும் தட்டு காட்டவில்லை.) எல்லாரும் சர்ச்சில் நடப்பதுபோல் நடந்தார்கள்.

மாடியில் அவர் கடற்கரையில் நடந்த ஷூ இருந்தது. கண்ணாடிப் பெட்டி இல்லை, குறுக்கே ஒரு கயிறு மட்டும். "இன்னும் எப்படி மின்னுகிறது பார். நீ என்ன சொல்கிறாய்?" என்று மார்க் என்னைக் கேட்டான். மரியாதைக்குத்தான் கேட்டான். ஆனால் வந்ததிலிருந்து என்னிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. எல்லாப் பேச்சும் தனசேகரோடுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மின்னுவதை நம்பக் கூடாது, ஈரத்துணியால் தேய்த்தால்தான் உண்மை தெரியும் என்றேன். கைப்பையில் எப்போதும் இருக்கும் வெள்ளைத் துணியை எடுத்தேன். தண்ணீருக்கு எங்கே போவது? எச்சில் தொட்டேன். கயிற்றுக்கு மேலே குனிந்து ஷூவின் மூக்கில் அழுத்தித் தேய்த்தேன்.

துணி பிரவுன் ஆனது. "பார்த்தாயா, சாயம் விடுகிறது!" என்று மார்க்கிடம் நீட்டினேன். ஷூவின் மூக்கில் சொட்டைத் தலை மாதிரி ஒரு வெளுப்பு.

காவலுக்கு இருந்த அம்மா ஓடிவந்தார். துணியைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். தலை சுற்றியதோ என்னவோ, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார். அதுவும் எழுத்தாளருடைய நாற்காலி.

தனசேகர் பல்லைக் காட்டிக்கொண்டே தமிழில் திட்டினார். "செத்தவன் ஷூ மேல எச்சி துப்பிட்டியேம்மா! சிரி. பாக்கறாங்க, சிரிச்சினே நில்லு."

மார்க்தான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு எங்களை வெளியே கொண்டுவந்தான். காரில் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இந்தச் சோதனையை எந்த ஷூவுக்கும் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் மனசைக் குளிர வைக்க வேண்டுமே என்று நானும் சொன்னேன்: "எந்த ஷூவுக்கும் செய்யலாம். சாயம் வந்தால் வாங்கவே வாங்காதே."

தனசேகர் என் காலை மிதித்தார். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் மார்க் டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து எங்கள் சாம்பிளைத் தேய்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். பேப்பர் என்ன நிறத்துக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சரி செய்து தருகிறோம் என்று தனசேகர் மன்றாடினார். "வாங்காதே என்று உங்கள் ஆள்தானே சொன்னார்?" என்றான் மார்க்.

லைனை மூடினார்கள். நான்தான் ஆர்டரைக் கெடுத்தேன் என்று தனசேகர் ஆம்பூர் முழுக்கச் சொன்னார். பூச்சு அடிக்காமல் அனுப்பியவர் அவர் என்று நான் கம்பெனி வாசலில் நின்று கத்தினேன். இரண்டும் உண்மை. அவர் இன்னும் மேனேஜர்.

எஸ்தர் இப்போது பேரணாம்பட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வருகிறாள். மகளும் படிப்பை விட்டுவிட்டு அதே பஸ்ஸில் போகிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பிரியாணி முடிந்ததும் எஸ்தர் ஆரம்பிப்பாள்: "எங்க அண்ணி சீமைக்குப் போய் இன்னா பண்ணாங்க தெரியுமா?" சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கடைசியில் எஸ்தரின் மகள் என் கையைப் பிடித்து இழுப்பாள். "அத்தே, அந்த நாற்காலி சீன் மட்டும் செஞ்சு காட்டு அத்தே."

அவள் கேட்டு நான் மறுத்ததே இல்லை. தொப்பென்று உட்காருவேன். துள்ளி எழுவேன். அவள் போதும் என்று சொல்லும்வரை.