வேலியோரம் வந்தால் இருமும் மெசின்

பேணாட் அன்று காலையில் ஒரு பெரிய முடிவெடுத்தார். புல்லு வெட்டும் மெசினுக்கு என்ன வருத்தம் என்பதைச் சனிக்கிழமைக்கு முன் கண்டுபிடித்தே தீருவது. யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொன்னவன் பிறகு சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டு திரிவான்.

நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் புல்தரைக்கு அவர்தான் பொறுப்பு. அதற்கு முன் காலமெல்லாம் வள்ளத்து எஞ்சின் திருத்தியவர். திரியாயிலிருந்து திருகோணமலைத் துறைமுகம்வரை அவர் கைபடாத எஞ்சின் இல்லை. அவர் கைபட்ட பிறகு ஓடாத எஞ்சின்களும் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் கதைப்பதில்லை. வயதான காலத்தில் ஹோட்டல்காரர் இந்த மெசினை வாங்கிவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். தள்ளுகிற மெசின் இல்லை. ஏறி இருந்து ஓட்டுகிற மெசின். ஸ்ரேறிங் உண்டு. பிரேக் உண்டு. மெத்தை வைத்த சீற் உண்டு. கீழே கத்தி சுழலும், மேலே பேணாட் இருப்பார். ஊரில் விதானையாருக்குக்கூட இப்படியொரு ஆசனம் கிடையாது.

அந்த மெசின்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே பலம் விட்டு இருமத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை அந்தப் புல்தரையில் ஒரு கலியாணம். கிண்ணியாக்காரன் இக்ராம்தான் மனேஜர். தன்மையான பிள்ளை. ஆனால் தன்மையான பிள்ளைகள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

“பேணாட் ஐயா, வெள்ளிக்கிழமைக்குள்ள புல்லு ஒரே சீரா இருக்கணும். இல்லாட்டி நான் வேற ஆளைத்தான் ஏத்தணும். கோவிக்காதீங்க.”

வேறு ஆள். அந்தச் சொல் பேணாட்டின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. வேறு ஆள் யாரென்று அவருக்குத் தெரியும். ஹோட்டல் வேலிக்கு அப்பால், தன் வளவில் கொஞ்ச நாளாக ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இந்தச் சீற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியரத்தினம். மனைவி மாகிரட்டின் தமையன். பேணாட்டின் மச்சான்.

இரண்டு பேருக்கும் கதை இல்லை. ஒரு உயிர்த்த ஞாயிறு விருந்தில் பாக்கியரத்தினம் நண்டுக் கறிச் சட்டியைப் பந்தியில் அனுப்பினார். அது பேணாட்டிடம் வந்து சேர்ந்தபோது உள்ளே குழம்பும் ஒரு சின்னக் காலும்தான் கிடந்தன. “மச்சானுக்கு அது போதும், பல்லும் பழுதுதானே,” என்றார் பாக்கியரத்தினம். பந்தியே சிரித்தது. நண்டுக் கால் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் எல்லாம் சட்டி தங்களிடம் முதலில் வந்தவர்கள்.

அன்று கை கழுவினவர்தான். பிறகு பேணாட் அந்த மனுசனுக்கு முகம் கொடுக்கவில்லை. கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்புவார். சந்தையில் கண்டால் முதுகைத் திருப்புவார். மெசினில் இருக்கும்போதும் இந்த ஒழுங்கில் அவர் குறை வைத்ததில்லை. வேலி நெருங்கியதும் சீற்றிலிருந்து அரைவாசி எழும்பி, இடுப்பை ஒரு முறுக்கு முறுக்கி, முழு முதுகையும் மச்சானுக்குக் காட்டிக்கொண்டு போவார். இருந்த இருப்பில் காட்டினால் அரை முதுகுதான் தெரியும். அரை முதுகு காட்டுவது அரைச் சமாதானம் போல. அது அவருக்குச் சரிவராது.

மத்தியானம் மாகிரட் சாப்பாட்டோடு வந்து வேப்பமரத்தடியில் இருந்தாள்.

“இண்டைக்கும் நிண்டுட்டுதோ?”

“நிக்கேல்ல. இருமுது. பலம் விட்டுட்டுது, பிறகு தானா எடுக்குது.”

“தடிமன் பிடிச்சிருக்காக்கும்.”

“பகிடி விடாத, மாகிரட். பிளக் மாத்திட்டன். பெற்றோல் பில்ரர் மாத்திட்டன். காபரேற்றரைக் கழட்டிக் கழுவிட்டன். பெற்றோல் தாங்கி மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருக்கோ எண்டு ஊதியும் பாத்திட்டன்.”

“அடைச்சிருந்ததோ?”

“இல்லை. வாயெல்லாம் பெற்றோல்.”

“அப்ப இண்டைக்குச் சுருட்டுப் பத்த வைக்காதேங்கோ.”

பேணாட் அவளை முறைத்தார். “கொட்டிலுக்குள்ள பிரேக்கைப் போட்டு விட்டா மணிக்கணக்கா ஓடுது. புல்லில இறக்கினாத்தான் இந்த வில்லங்கம்.”

“புல்லில எந்த இடத்தில?” மாகிரட் எழும்பிப் போய்ச் சீற்றைத் தடவிப் பார்த்தாள். “நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டோ?”

“இது ஊஞ்சலில்லை.”

“இல்லை, எனக்கு ஒண்டு தோணுது...”

“எஞ்சின் கதையில பொம்பிளையள் வாய் வைக்கக் கூடாது.”

மாகிரட் வாய் வைக்கவில்லை. சோற்றுக்குக் குழம்பை ஊற்றினாள்.

இரண்டாம் கவளம் இறங்கும்போது பேணாட்டுக்கு மூளை வெளித்தது. எந்த இடத்தில்? கடல் பக்கம் இருமவில்லை. நீச்சல் தடாகப் பக்கம் இருமவில்லை. மச்சானின் வேலியோரம் மட்டும்தான் இருமுகிறது. இதை அவரே கண்டுபிடித்தார். மாகிரட் கேட்டது அவருக்கு ஞாபகமில்லை.

“மாகிரட்! கண்ணூறு!”

“ஆருக்கு?”

“மெசினுக்கு! உன்ர கொண்ணன் பாக்கிற பார்வை!”

“அண்ணனுக்குக் கண்ணில வெள்ளை படர்ந்து வேலியே மங்கலாத்தான் தெரியுதாம்.”

“மங்கலாப் பாக்கேக்கயே இப்படியெண்டா!”

பின்னேரம் மெசினின் முகப்பில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் தொங்கின. பக்கத்தில் அந்தோனியார் படம். பேணாட் சிலுவை போட்டுவிட்டு வேலிப் பக்கம் விட்டார்.

“மச்சான், ஊறுகாய் போடப் போறியளோ?” என்று கதிரையிலிருந்து குரல் வந்தது.

பேணாட் எழும்பினார். முறுக்கினார். முழு முதுகு. மெசின் இருமியது.

இனி விஞ்ஞான முறைதான். மாகிரட்டைக் கூப்பிட்டார். “நாளைக்குக் கொண்ணனை எங்கையாவது அனுப்பு.”

“எங்க அனுப்புறது?”

“எங்கையாவது. தம்பலகாமத்தில நல்ல நெல்லுக் கிடக்கு எண்டு சொல்லு. ஒரு பொய் சொல்ல உனக்குத் தெரியாதோ?”

“எனக்கெங்க தெரியும்,” என்றாள் மாகிரட், நிலத்தைப் பார்த்தபடி.

அடுத்த நாள் கதிரை வெறுமையாகக் கிடந்தது. வெறுங் கதிரைக்கு யார் முதுகு காட்டுவார்? பேணாட் நிம்மதியாகச் சாய்ந்திருந்து ஓட்டினார். மெசின் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை. இறங்கி ஓடிவந்தார்.

“இனிச் சாட்சி வேணுமோ? மனுசன் இருந்தா இருமுது. மனுசன் இல்லாட்டி ஓடுது!”

“அப்ப மெசினில பிழை இல்லை. மனுசனிலதான் பிழை.”

“அதைத்தான் நான் சொல்லுறன்!”

“நானும் அதைத்தான் சொல்லுறன்.”

தம்பலகாமத்தில் நெல் இருக்கவில்லை. பாக்கியரத்தினம் பின்னேர பஸ்ஸிலேயே திரும்பிவந்து கதிரையில் இருந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வேலியோரப் புல் மட்டும் வெட்டுப்படாமல், சவரம் செய்யாத கன்னம் போலக் கிடந்தது. பேணாட் ஹோட்டல் களஞ்சியத்திலிருந்து ஒரு நீலத் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து வந்தார். வேலி நீளத்துக்கும் ஆள் உயரத்துக்குக் கட்டினார். பார்வை எப்படி வரும் பார்ப்போம்!

மெசினில் ஏறினார். வேலியை நெருங்கினார். படங்குக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை.

அங்கேதான் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. மச்சான் இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் முதுகு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் காட்டுகிற முதுகு வீண். இருக்கிறார் என்று தெரியாமல் ஒரு மனுசனோடு எப்படிக் கோபமாக இருப்பது? அந்த நேரம் பார்த்து அப்பாலே யாரோ தேத்தண்ணியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பேணாட் பொறுக்க முடியாமல் சீற்றைவிட்டு முழுதாக எழும்பி, படங்குக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

மெசின் இருமவில்லை. செத்தேவிட்டது.

எட்டிப் பார்த்த முகத்துக்கு நேரே இன்னொரு முகம். கதிரைமேல் ஏறி நின்ற பாக்கியரத்தினம், கையில் கோப்பையோடு.

“என்ன மச்சான், பந்தலோ? கலியாணம் அங்கால எல்லோ?”

மெசினைத் திரும்ப எடுத்தார். திரும்ப எட்டினார். திரும்பச் செத்தது. மூன்றாம் தரம் செத்தபோது இக்ராம் பின்னால் வந்து நின்றான். பந்தல்காரரின் லொறி வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

“ஐயா, இனி ஏலாது. உங்கட மச்சான் வள்ளம் ஓட்டின மனுசன்தானே. அவரை ஒருக்கா ஏத்திப் பாப்பம்.”

“அவன் இதில குந்தினா நான் இப்பவே இந்தக் கடலுக்குள்ள இறங்கிப் போயிடுவன்!”

“அண்ணன் வேண்டாம்,” என்றாள் மாகிரட்.

பேணாட்டுக்குக் கண் கலங்கியது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதுதான் முதல் தரம், பெண்சாதி தமையனை விட்டுவிட்டு அவர் பக்கம் நின்றது.

“கேட்டியளோ தம்பி! அவனைத் தவிர ஆர் வேணுமெண்டாலும் ஓட்டட்டும்!”

“ஆர் வேணுமெண்டாலுமோ?” என்றாள் மாகிரட்.

“ஆர் வேணுமெண்டாலும்! அந்தக் கண்ணுக்கு முன்னால ஆர் ஓட்டினாலும் இருமத்தான் போகுது. இருமாட்டி இனி இந்தச் சீற்றில நான் ஏற மாட்டன்!”

“இக்ராம் தம்பி, கேட்டியளோ?”

“கேட்டன் அக்கா.”

“பிளக் மாத்தியாச்சு. பில்ரர் மாத்தியாச்சு. எல்லாம் மாத்தியாச்சு. மாத்தாத சாமான் ஒண்டுதான்,” என்று சொல்லிக்கொண்டே மாகிரட் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “ஓட்டுற ஆள்.”

ஏறி இருந்தாள். திறப்பைத் திருகினாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, கத்தியையும் தானே இறக்கினாள். நேரே வேலிப் பக்கம் விட்டாள்.

பேணாட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இருமும். இந்தா, இப்ப இருமும்.

இருமவில்லை. மாகிரட் வேலியருகே மெசினை நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே படங்கை விலக்கினாள்.

“அண்ணா, மச்சாளுக்குச் சுகமோ?”

“ஓமடி பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்.”

வேலிக்கு மேலால் கோப்பை வந்தது. ஆறுதலாகக் குடித்தாள். கோப்பை திரும்பிப் போனது. அவ்வளவு நேரமும் மெசின் மூச்சுக்கூட மாறாமல் காத்துக்கொண்டு நின்றது. பிறகு அந்த ஓரத்தை ஒரே சீராக வழித்துக்கொண்டு போனாள்.

“அக்கா,” என்றான் இக்ராம், அவள் வந்து நின்றதும், “திங்கட்கிழமையில இருந்து நீங்கதான்.”

“அப்ப நான்?” என்றார் பேணாட்.

“வெட்டின புல்ல வாரவும் ஒரு ஆள் வேணும்தானே ஐயா.”

இக்ராம் போன பிறகு மாகிரட் இறங்கிச் சீற்றைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பொத்தான் இருந்தது.

“கத்தி சுத்தேக்க ஆள் எழும்பினா எஞ்சினை நிப்பாட்டுற சுவிச். கால் கை அறுபடாமல் இருக்க வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் அரைவாசி எழும்பினா அரைவாசி நிக்கும். முழுக்க எழும்பினா முழுக்க நிக்கும்.”

மெசினில் பேணாட் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தான் இருந்த இடம்.

“இது உனக்கு எப்ப தெரியும்?”

“மெசின் வந்த முதல் நாளே. நீங்கள் சாப்பிட்டிட்டுக் கண்ணயரேக்க தூக்கிப் பாத்தனான்.”

“தெரிஞ்சுகொண்டும் ஏனடி சொல்லேல்ல?”

“சொல்ல வந்தனான். வாய் வைக்காத எண்டியள். வைக்கேல்ல.”

“எல்லாத்துக்கும் கொண்ணன்தான் காரணம்! அவன் அந்தக் கதிரையைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டிராட்டி...”

“அண்ணன் பாவம்,” என்றாள் மாகிரட், தேசிக்காயை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு. “அவர் அங்கால முருங்கைக்குக் கீழ நிழலில இருக்கிறவர். வெய்யிலெண்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நாளைக்கு இஞ்சால இருங்கோ எண்டு நான்தான் கதிரையைத் தூக்கிப் போட்டனான்.”

சனிக்கிழமை கலியாணம் நன்றாக நடந்தது. புல்தரையைப் புகழாத ஆள் இல்லை. பொம்பிளையும் மாப்பிள்ளையும், இதை வெட்டினது ஒரு அம்மாவாம் என்று கேள்விப்பட்டு, மாகிரட்டை மெசினில் ஏற்றி இரண்டு பக்கமும் நின்றார்கள். பேணாட்டும் புல்வாரியை ஊன்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முன்சில்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மெசின் தெரிந்த மனுசன் ஒருவராவது படத்தில் இருக்க வேண்டாமா?

படம் எடுக்கிறவன் கமராவைத் தாழ்த்தினான்.

“ஐயா, கொஞ்சம் அங்கால போங்கோ. அக்காட படத்துக்குள்ள உங்கட நிழல் விழுது.”