தம்பானூர் சிக்னல்ல புது வண்டியைத் தள்ளின கதை

சுகமா உக்காந்தா எனக்குப் பயம் வரும். மத்தவங்களுக்கு மெத்தையில உக்காந்தா தூக்கம் வரும், எனக்கு வேர்க்கும். முதுகு வலிக்கலைன்னா வண்டியில ஏதோ கழண்டு பின்னால ரோட்டுல கெடக்குன்னு அர்த்தம். பன்னெண்டு வருசம் ஜீப்பு ஓட்டினவனுக்குப் புத்தி வேற எப்படி இருக்கும்? (படிப்பும் அவ்வளவுதான். அஞ்சாங்கிளாஸ் முடிச்சேன். ஆறாங்கிளாஸ் என்னை வேண்டாம்னு சொல்லிச்சு, நானும் ரொம்ப வற்புறுத்தல.)

வெள்ளறடைக்கு மேல மலையில ஒரு ரப்பர் எஸ்டேட்டு. அங்க நான் ஓட்டின ஜீப்புக்கு எனக்க அப்பனுக்க வயசு. அதை ஓட்டுறது சும்மா இல்ல, பாத்துக்கிடுங்க. உடம்புல உள்ள எல்லாத்துக்கும் டூட்டி உண்டு. மூணாம் கியர் தானா வெளிய வந்திரும், இடது கை அதைப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். கதவு தொறந்திரும், அதுக்கு வலது முட்டு. ஸ்டியரிங்கை நெய்யாற்றின்கரையில திருப்பினா வண்டி பாறசாலையிலதான் திரும்பும். டாங்கு ஒழுகினா குளிக்கிற சோப்பை வெச்சு அடைப்பேன். அந்த வாரம் நான் குளிக்க மாட்டேன். ஹேண்ட் பிரேக்குன்னு ஒரு கல்லு, சீட்டுக்கு அடியில வெச்சிருப்பேன்.

செல்பு எடுக்கவே எடுக்காது. அதனால எப்பவும் எறக்கத்துலதான் நிறுத்துவேன். எறக்கம் கெடைக்கலைன்னா ஏறியிருக்கிறவங்க எறங்கித் தள்ளணும். மேனேஜர் தள்ளியிருக்காரு, ரப்பர் பால் எடுக்கிற பொம்பளைங்க தள்ளியிருக்காங்க, பட்டு வேட்டி கட்டின ஒரு கல்யாண மாப்பிள்ளையும் தள்ளியிருக்கான். அதுக்கு ஒரு சட்டம் உண்டு. எஞ்சின் புடிச்சாச்சுன்னா டிரைவர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா திரும்ப ஓஞ்சு போகும். டிரைவர் போய்க்கிட்டே இருக்கணும், தள்ளினவங்க பின்னாலேயே ஓடி வந்து தொத்திக்கணும்.

அந்த ஜீப்பை ஒரு நாள் எடைக்குப் போட்டுட்டாங்க. நாலு மாசம் நான் வீட்டுல. சும்மா இருக்கத் தெரியாதவன் வீட்டுல இருந்தா என்ன ஆகும்? மிக்சியைக் கழட்டினேன். ஃபேனைக் கழட்டினேன். கேஸ் அடுப்புக்கிட்ட போகும்போது எனக்க பொண்டாட்டி ஷாந்தி கையில சட்டுவத்தோட நின்னா.

"இன்னும் ஒரு வாரம். வேலை கெடைக்கலைன்னா எங்க அண்ணனுக்க கோழிக்கடைக்குப் போங்க."

களியக்காவிளையில மச்சானுக்குக் கோழிக்கடை. எனக்கும் அவனுக்கும் ஆகாது. அவன் முன்னால உக்காந்து நான் கோழிக்குத் தூவல் பறிக்கணும், அவன் கல்லாவுல இருந்து 'வேகம், வேகம்'னு சொல்லணும்.

அந்த நேரம் பாத்துதான் கரமனையில ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னான். மகாதேவன் சார். ரிட்டயர்ட் எஞ்சினியர். முப்பது வருசம் அணை அணையா டிபார்ட்மெண்ட் ஜீப்புல சுத்தினவரு. அந்த மலையெல்லாம் இன்னொரு தடவை பாக்கணும்னு அவருக்கு ஆசை. பெங்களூர்ல இருக்கிற ஒரே மக ஆர்த்தி, மலை ஏறுற பெரிய வண்டி ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டா. ஆனா சாருக்குக் கண்ணு ஆபரேஷன், ஓட்டக் கூடாது.

சார் என்னைக் கேட்டது ஒரே கேள்வி.

"ஜீப் ஓட்டியிருக்கியா?"

"அதைத் தவிர வேற ஒண்ணும் ஓட்டலை சார்."

"அப்போ சரி. தம்பானூர் வரைக்கும் போயிட்டு வருவோம். மாமிக்குப் பிடிச்சா நாளையிலேர்ந்து வா."

வாசல்ல அந்த வண்டி நின்னுது. உசரம் எங்க வீட்டுக் கூரை அளவுக்கு. டயர் ஒவ்வொண்ணும் ஆட்டுக்கல்லு மாதிரி. ஆகா, இது நம்ம சாதிக்காரன்னு நெனைச்சு உள்ள ஏறினேன். ஏறினா, பெரிய ஆஸ்பத்திரி மாதிரி ஒரு குளிர்ச்சி. சாவி போடுற ஓட்டை இல்ல. கிளச்சு இல்ல. கியர் இருக்க வேண்டிய இடத்துல சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு. ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல பேசிச்சு. "பெல்ட் போடச் சொல்றா"ன்னாரு சார். யாரு சொல்றான்னு சுத்தி முத்திப் பாத்தேன். வண்டிதான்.

சார் முன் சீட்டு, அவருக்க சம்சாரம் மாமி பின் சீட்டு. புது வண்டி அழுக்காகக் கூடாதுன்னு மாமி ரெண்டு பேர் செருப்பையும் ஒரு சஞ்சியில போட்டுப் பக்கத்துல வெச்சிருந்தாங்க.

வண்டி கிளம்பிச்சு. கிளம்பின சத்தமே இல்ல.

"அந்தக் காலத்து ஜீப்புல ஒரு தரம் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தெரியாது, வில்சா," சார் சந்தோஷமா பேசிக்கிட்டே வந்தாரு. "இதைப் பாரு, குழியில எறங்கறது, நோக்குத் தெரியறதா?"

தெரியலை. அதுதான் எனக்குப் பிரச்சனை. எனக்க இடது கைக்கு வேலை இல்ல. இடது காலுக்கு வேலை இல்ல. முட்டுக்கு வேலை இல்ல. பழைய ஜீப்பு நாளுக்கு மூணு தடவை கெட்டுப் போகும், ஆனா ஏன் கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். இது கெடவே இல்ல, ஏன் கெடலைன்னு எனக்குத் தெரியல. காதைத் தீட்டி வெச்சு ஒரு கடகடவாவது கேக்காதான்னு பாக்கிறேன், மாமிக்க வளையல் சத்தந்தான் கேக்குது. இடது கை தானா அங்கேயும் இங்கேயும் தடவ ஆரம்பிச்சுது. நாற்காலிக்கு அடியில காத்து அடிக்கிற மாதிரி ஒரு படம் போட்ட சுவிட்சு. அமுக்கினேன். ஒண்ணும் ஆகலை. இன்னொரு தடவை அமுக்கினேன்.

கிள்ளிப்பாலம் வந்தப்போ சார் பேச்சை நிறுத்திட்டாரு. மெதுவா நெளிஞ்சாரு.

"அம்புஜம்..."

"என்னன்னா?"

"கீழ... ஜில்லுனு இருக்கு."

பின்னால இருந்து மாமி சொன்னாங்க, "காத்தால ரெண்டாவது டம்ளர் காப்பி வேண்டாம்னேன். கேட்டேளா?"

"அது இல்லடி! அது இல்ல!"

சார் வேட்டியைத் தடவித் தடவிப் பாக்கிறாரு. காஞ்சுதான் இருக்கு, ஆனா நம்ப முடியலை. நான் அமுக்கின சுவிட்சுதான் சீட்டுக்குள்ள குளிர் காத்தை விடுதுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. சொன்னேனா? சொல்லல. சொன்னா கோழிக்கடை. இடது கையை மட்டும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கிட்டேன்.

தம்பானூர் சிக்னல். சிவப்பு. பிரேக்கை அமுக்கி நின்னேன்.

எஞ்சின் ஓஞ்சு போச்சு.

சிக்னல்ல நின்னா எண்ணெய் மிச்சம் புடிக்க அது தானா ஓயுமாம், பிரேக்குல இருந்து காலை எடுத்தா தானா புடிக்குமாம். இப்போ தெரியும். அன்னைக்கு யாருக்குத் தெரியும்? பின்னால ஒரு பெரிய பஸ்ஸு. முன்னால போன வண்டியெல்லாம் கடைசி நேரத்துல சிக்னலைத் தாண்டிப் போயிருச்சு, நாங்கதான் முதல். வாய் தானா சொல்லிச்சு:

"சார், ஓஞ்சு போச்சு. எறங்கித் தள்ளணும்."

புத்தி உள்ள எந்த மனுசனும் 'என்னடா சொல்றே'ன்னு கேப்பான். சார் கேக்கலை. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெல்ட்டு கழண்டாச்சு, கதவு தொறந்தாச்சு, வேட்டி மடிச்சுக் கட்டியாச்சு. முப்பது வருசப் பழக்கம்.

"அம்புஜம், எறங்கு!"

"நானுமா?"

"ஒரு கை போடு! பேச்சிப்பாறை ரோட்டுல போடலையா?"

மாமியும் எறங்கினாங்க. பட்டுப் புடவையை இடுப்புல சொருகிக்கிட்டு, செருப்பு இல்லாம, ரெண்டு கதவையும் சாத்திட்டு. பத்து ரூவாய்க்குப் பேனா விக்கிறவன் ஒருத்தன் வாயைப் பொளந்து பாக்கிறான். அவ்வளவு பெரிய புது வண்டியை ரெண்டு வயசானவங்க பின்னால நின்னு தள்ளுறாங்க. கண்ணாடியில சார் மூஞ்சி தெரியுது. இருபது வயசு கொறஞ்ச மாதிரி இருந்தாரு.

பச்சை விழுந்துச்சு. பஸ்ஸு ஹாரன் அடிச்சுது. நான் பிரேக்குல இருந்து காலை எடுத்தேன். எஞ்சின் புடிச்சுது!

"பிடிச்சுடுத்து!" சார் கத்தினாரு. "நிறுத்தாதே! போ, போ!"

நானா நிறுத்துவேன்? ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சேன். பழைய ஜீப்புன்னா அந்த மிதிக்கு ஒரு இருமலு இருமி, நடக்கிறவன் வேகத்துல நகரும். இது ஒரே பாய்ச்சல். கண்ணாடியில சார் கையை நீட்டிக்கிட்டு ஓடி வாராரு. அவருக்குப் பின்னால மாமி ஓடி வாராங்க. சார் கதவுப் புடியைப் புடிச்சுட்டாரு, ஆனா அது தொறக்கலை. வேகம் எடுத்தா தானா பூட்டிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? சாரு சின்னதாப் போனாரு. மாமி இன்னும் சின்னதாப் போனாங்க. பஸ்ஸு மறைச்சிருச்சு.

திரும்ப முடியலை, ஒன்வே. ஓவர்பிரிட்ஜ், கிழக்கேகோட்டைன்னு சுத்திக்கிட்டே போறேன். அப்போ வண்டிக்குள்ள நாலு பக்கமும் மணி அடிச்சுது. பயந்து ஸ்டியரிங்குல ஏதோ பட்டனைத் தட்டினேன்.

"அப்பா!" வண்டி என்னைக் கூப்பிட்டுது.

"நான் உனக்க அப்பா இல்ல"ன்னு டேஷ்போர்டைப் பாத்துச் சொன்னேன்.

"நீங்க யாரு? இது எங்க அப்பா நம்பர்!"

அப்பத்தான் புரிஞ்சுது, மக. சார் போனு சீட்டுல கெடக்கு. "மோளே, நான் புது டிரைவராக்கும்."

"அப்பா எங்க?"

"தம்பானூர்ல."

"அம்மா?"

"அவங்களும் அங்கதான். ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

"ரோட்டுலயா? வண்டி?"

"வண்டி எனக்க கையில பத்திரமா இருக்கு மோளே, பயப்படாதே."

இதைக் கேட்டுப் பயப்படாத பிள்ளை உலகத்துல உண்டா? போன் கட்டாச்சு. கிள்ளிப்பாலத்துல ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைச்சேன், வழி கேட்டு தம்பானூருக்குத் திரும்பலாம்னு. டப்புனு நாலு கதவும் பூட்டிக்கிச்சு. லைட்டு மின்ன ஆரம்பிச்சுது. ஹாரன் தானா அடிக்குது, நிக்கவே இல்ல. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு அந்தப் பொண்ணு போன்லயே எல்லாம் பண்றா. எனக்க ஜீப்புல நான் உள்ள இருந்து அடிச்சாலே ஹாரன் அடிக்காது.

ஆட்டோக்காரங்க பத்துப் பேர் சுத்தி நின்னாங்க. ஒரு சேட்டன் கண்ணாடியைத் தட்டினாரு.

"வண்டி ஆருடேதா?"

"சாருடே!"

"சார் எவிடே?"

"தள்ளான் எறங்கியதா சேட்டா!" தள்ளத்தான் எறங்கினாருன்னு உள்ளதைத்தான் சொன்னேன்.

அந்த வண்டியை மேலேர்ந்து கீழ ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் கூட்டத்தைப் பாத்துச் சொன்னாரு, "கள்ளன் தன்னே. போலீசை விளி." திருடன்தானாம், போலீசைக் கூப்பிடணுமாம்.

நான் கதவைத் தொறக்கப் பாக்கிறேன், புடி எங்கன்னு தெரியல. வழக்கம் போல கதவை ஒரு ஒதை ஒதைச்சேன். உள்ள கெடந்து ஒதைக்கிறான்னு கூட்டம் ரெண்டடி பின்னால போச்சு. கண்ணு முன்னால மச்சான் கல்லாவுல உக்காந்து சிரிக்கிறான்.

கொஞ்ச நேரத்துல ஒரு ஆட்டோ வந்து நின்னுது. சாரும் மாமியும். வெறுங்காலு. வெயில்ல ரோடு சுட்டு, ரெண்டு பேரும் காலை மாத்தி மாத்தி வெச்சு நடந்து வந்தாங்க. ரோட்டுல யாரோ ஒருத்தருக்க போனை வாங்கி மககிட்ட பேசி, வண்டி நிக்கிற இடத்தைக் கேட்டிருக்காங்க. ஹாரன் நின்னுது, கதவு தொறந்துச்சு. நான் எறங்கி, கையைக் கட்டி, தலையைக் குனிஞ்சு நின்னேன். முடிஞ்சுதுன்னு நெனைச்சேன்.

அப்போ வண்டிக்குள்ள திரும்ப மணி அடிச்சுது. மாமி எட்டிப் பட்டனைத் தட்டினாங்க. ஆர்த்தி குரல் ரோட்டுக்கே கேக்குது.

"அப்பா, அவன் தள்ளச் சொன்னான், சரி. நீ ஏன் எறங்கினே? நீ எஞ்சினியர்தானே?"

சார் மடிச்சுக் கட்டின வேட்டியை எறக்கி விட்டாரு.

"நிறுத்தாதேன்னு வேற யாரோ கத்தினாளாமே? அம்மா சொன்னா."

ஆட்டோக்காரங்க பத்துப் பேரும் சாரையே பாக்கிறாங்க. சார் என்னைப் பாத்தாரு. அப்புறம் தொண்டையைச் செருமினாரு.

"வில்சா, நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு வந்துடு."

எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ஏன் என்னை வேலைக்கு வெச்சாருன்னு ஒரு வருசம் கழிச்சு மாமிதான் சொன்னாங்க, பொன்முடிக்குப் போற வழியில, சார் தூங்கும்போது.

"உன்னை அனுப்பிட்டா, ஊர்ல இந்தக் கதையைச் சொல்லறச்சே அசடு இவர் ஒருத்தர்தானே? நீ இருந்தா பாதி உன் தலையில போயிடும் பாரு."

இப்போ நாலு வருசம் ஆச்சு. அவங்க வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோட இந்தக் கதைதான். சார் சொன்னா நான் மட்டுந்தான் அசடு. நான் சொன்னா சாரும் உண்டு. ஷாந்தி எங்க வீட்டுல சொல்லும்போது மச்சானும் கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவன் கடையில நான் இல்லையே.

ஆனா இன்னைக்கும் சிக்னல்ல வண்டி நின்னு எஞ்சின் ஓஞ்சா, சார் கை தானா பெல்ட்டுக்குப் போகும். எனக்க வாய் தானா தொறக்கும். பின் சீட்டுல மாமி ஜபமாலையை உருட்டிக்கிட்டு, கண்ணைத் தொறக்காமலே சொல்லுவாங்க.

"உக்காருங்கோ. வில்சா, நீ வாயை மூடு."

நாங்க ரெண்டு பேரும் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.