தென்காசி சலூன்களின் நாலுகுரல் வரலாறு

சவரக்கத்தியைத் தொண்டையில் வைத்துப் பாட்டு கற்றுக்கொடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் தென்காசியில் இருக்கிறார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட, "நாலுகுரல் அண்ணாச்சி சலூன் எது?" என்று கேட்டுத்தான் யானைப்பாலம் பக்கம் வருவார். என் வாழ்க்கையில் நான் அதிர்ச்சியில் உறைந்துபோன சந்தர்ப்பங்களில் முக்கால்வாசி அவர் கடை நாற்காலியில்தான் நடந்திருக்கின்றன.

நான் முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்ற வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு சவரத்துக்குக் கடைக்குப் போவது என்று ஓர் ஆடம்பரம் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி அப்போதுதான் பதினாலு வருடம் சவூதியில் முடிவெட்டிவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டிருந்தார். முதல் நாள் முகமெல்லாம் நுரை. வலது கன்னம் முடிந்தது. கத்தி தொண்டைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"சார்வாள், ஆ...ன்னு ஒரு சத்தம் குடுங்க."

பயத்தில் கொடுத்தேன். இரண்டு விரலை என் குரல்வளையில் வைத்து, டாக்டர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் கீழ... ஆங்! கெடச்சிட்டு! மூணாம் குரல் கெடச்சிட்டு!"

"கத்திய எடும் ஓய் முதல்ல!"

கத்தியை எடுத்தார். ஆனால் இடது கன்னத்தைத் தொடவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார்வாள், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். கையில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் அது. எனக்கு நுரைக்குள்ளேயே வியர்த்துவிட்டது.

தப்பு இதுதான். சவூதியில் அவர் வேலை பார்த்த சலூனில் மற்ற மூன்று பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். கத்தரி ஒருபக்கம் ஓட, மூன்று பேரும் மூன்று குரலில் பாடுவார்களாம். ஒருவர் மேலே, ஒருவர் கீழே, ஒருவர் நடுவிலே. கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுமாம். போன புதிதில் அவர்களில் ஜோஜோ என்பவர் இவரிடம், "உங்க ஊர் சலூன்ல என்ன பாடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். நம் ஊர் சலூனில் ரேடியோதான் பாடும். அதைச் சொல்ல அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது.

"எங்க தென்காசிப் பக்கம் எல்லாச் சலூன்லயும் நாலு குரல்லதான் பாடுவோம், தாத்தா காலத்துல இருந்தேன்னு சொல்லிட்டேன் சார்வாள். ஒரு வேகத்துல வந்துட்டு."

"சரி, சொன்னா என்ன? சவூதி எங்க இருக்கு, தென்காசி எங்க இருக்கு?"

"ஜோஜோ வாரான்லா! குத்தாலம் சீசனுக்கு வாரேன், ஒங்க ஊர்ப் பாட்டக் கேக்கணும்னு டிக்கெட்டே போட்டுட்டான். இன்னும் மூணு வாரம். எனக்குக் காச்சல் வந்து கெடந்தப்போ அவந்தான் கஞ்சி வச்சி ஊட்டுனான். பதினாலு வருசம் ஒரே தட்டுல தின்னுருக்கோம். ஊரெல்லாம் என்னப் பொய்யன்னு சொல்லட்டும் சார்வாள். அவன் சொல்லிரக் கூடாது."

நான் திடுக்கிட்டுப் போனேன். பரீட்சையில் ஓர் ஆண்டைத் தவறாக எழுதினால்கூட மார்க் போடாத ஆள் நான். என்னிடம் வந்து, இல்லாத வரலாற்றுக்கு ஆள் சேர்க்கிறார்!

"பொய்க்கு நான் ஒத்தாசை பண்ண மாட்டேன். மிச்சக் கன்னத்த முடிச்சு விடும்."

"மூணாம் குரலுக்குச் சரின்னு சொல்லுங்க, முடிச்சிருதேன்."

ஒரு பக்கம் தாடியோடு வெளியே போக முடியுமா? சரி என்றேன்.

மற்ற இருவரும் இதே முறையில் பிடிபட்டவர்கள்தான். முதல் குரல் அண்ணாச்சி. இரண்டாம் குரல் எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர். ஆள் மலை மாதிரி, குரல் மட்டும் ஊசி. நாலாம் குரல் ரிட்டயர்டான ஏட்டையா. அவர் அடிக்குரலில் பெயரைக் கேட்டாலே திருடன் சாமானை எடுத்து வைத்துவிடுவானாம். பாட்டும் அண்ணாச்சியே கட்டியதுதான். 'சாரல் வருது சாரல் வருது, சட்டையக் கழத்தி வையுங்க.' இவ்வளவுதான் பாட்டு. இதற்கு மூன்று வாரம் பிராக்டிஸ்.

கஷ்டம் என்னவென்றால், நம்மூரில் நாலு பேர் சேர்ந்து பாடுவதென்றால் நாலு பேரும் ஒரே மெட்டில் பாடுவது. பஜனையானாலும் சரி, கட்சிக் கோஷமானாலும் சரி. ஆளுக்கொரு பக்கம் நிற்க நமக்கு வரவே வராது. இரண்டாவது வரியிலேயே ஏட்டையா வழுக்கிக்கொண்டு அண்ணாச்சி மெட்டுக்கு வந்துவிடுவார். "ஒங்க எடத்துலயே நில்லுங்க ஏட்டையா!" என்று அண்ணாச்சி கத்துவார். கடைசியில் அவர் காதில் பஞ்சை அடைத்தார். அதற்குப் பிறகு பாட்டு முடிந்தது ஏட்டையாவுக்குத் தெரியவில்லை, பாடிக்கொண்டே இருந்தார். பக்கத்துத் தையல்கடை அம்மாள் எட்டிப் பார்த்து, "நாலு பேரும் நாலு விதமாப் பாடுதாவளே, ஒருத்தருக்காவது பாட்டு தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் நான் மூன்றாம் குரலைத் தனியாகப் பாடிப் பார்த்தேன். அது தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. என் மனைவி பதறி ஓடிவந்து, "என்னங்க, வயித்து வலியா?" என்று கேட்டு ஓமவாட்டரைக் கையில் கொடுத்தாள்.

ஜோஜோ வந்தார். ரயில்வே ஸ்டேஷனில் அண்ணாச்சி என்னை, "இவுகதான் ஹிஸ்டரி டீச்சர்" என்று பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார். ஜோஜோ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரமே கேட்க, "ஏலே மூதி, சௌக்கியமாலே?" என்றார். என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அப்படியே சிலையாகிவிட்டேன்.

"பாசத்துல சொல்லுதான் சார்வாள். நான் அவன அப்பிடித்தான் கூப்புடுவேன். தமிழு பூராம் எங்கிட்டக் கத்துக்கிட்டதுதான்" என்றார் அண்ணாச்சி.

விருந்தாளியை முதலில் அருவியில் நனைக்காமல் சோறு போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து மெயின் அருவியில் நிறுத்தினோம். ஜோஜோ அருவிக்கு அடியில் நின்றுகொண்டே பாடினார். மத்தியானம் சலூனுக்கு வந்தோம். ஜோஜோவை நடு நாற்காலியில் உட்கார வைத்து, போர்வை கட்டி, அண்ணாச்சி கத்தரியை எடுத்தார். தலையை ஆட்டினார். நாங்கள் ஆரம்பித்தோம்.

முதல் வரி நாலு குரலில் வந்தது! சத்தியமாக வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஜோஜோ கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வரியில் ஏட்டையா வழுக்கினார். அவர் பின்னால் மாஸ்டர் போனார். நானும் போய்விட்டேன், மறைப்பானேன்? நாலு பேரும் ஒரே மெட்டில், பஜனை மாதிரி, 'சட்டையக் கழத்தி வையுங்க' என்று முடித்தோம்.

ஜோஜோ கண்ணைத் திறந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நாலு எங்கலே? ஒண்ணுதான் வருது" என்றார். அண்ணாச்சி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஜோஜோ என் பக்கம் திரும்பினார்.

"ஹிஸ்டரி டீச்சர், நீ சொல்லு. ட்ரூ? எல்லா சலூன்? தாத்தா டைம்?"

நான் வாயைத் திறந்தேன். அதிலிருந்து வந்ததைக் கேட்டு என்னைவிட அதிர்ந்தவர் யாரும் இருக்க முடியாது.

"ட்ரூ" என்றேன். "நாலு குரல்ல தொடங்கி ஒரு குரல்ல சேர்றதுதான் தென்காசி ஸ்டைல். சுரண்டையில ஒண்ணுல தொடங்கி நாலாப் பிரிவாங்க. சிவகிரியில கத்தரிச் சத்தம்தான் தாளம். வடகரைப் பக்கம் கொஞ்சம் மலையாள வாடை அடிக்கும்." வகுப்பில்கூட நான் இவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. ஏட்டையா எழுந்து, "ரெக்கார்டு இருக்கு" என்று சாட்சி வேறு சொன்னார்.

ஜோஜோ போர்வையோடு குதித்து எழுந்து அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டார். பிறகு எங்களோடு சேர்ந்து பத்துத் தடவை தென்காசி ஸ்டைலில் பாடினார். ஊருக்குக் கிளம்பும்போது ரயில் ஜன்னலில் இருந்து கத்தினார்: "அடுத்த சீசன் சவூதி சலூன்ல உள்ள மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாரேன்லே! சுரண்டை ஸ்டைல் கேக்கணும்!"

ரயில் போய்விட்டது. இனிச் சுரண்டை ஸ்டைலை வேறு உண்டாக்க வேண்டும். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"எனக்காவ ஏன் சார்வாள் இப்பிடிப் பொய் சொன்னீய?"

கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். "நாளைக்குப் பிராக்டிஸ் எத்தன மணிக்கு?"