ஒன்பது மணி மெயில்

மெயில் அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்த துர்காதேவியிடம், என்ன எழுதினாய் என்று அவள் அப்பா கேட்கவில்லை. எத்தனை மணிக்கு அனுப்பினாய் என்றுதான் கேட்டார்.

"இப்பதான் நைனா. ஆறு மணி இருக்கும்."

திருவேங்கடம் கையிலிருந்த எவர்சில்வர் குடத்தைக் கீழே வைத்தார். செங்கல்பட்டு கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்துபவர். குடத்தைத் தட்டிக் காட்டியே எத்தனையோ பேரம் பேசும் வாய்களை அடைத்தவர்.

"கடைய சாத்துற நேரத்துல போய் நின்னா இன்னா கெடைக்கும்? நாளைக்கு வான்னுவான். காலையில போவணும் கண்ணு. மொத மெயிலா போய் வுழணும். போணிய எவனும் திருப்பி அனுப்ப மாட்டான்."

அன்றைய முதல் வியாபாரத்தை, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், முறிக்காமல் முடித்துக் கொடுப்பது கடைத்தெரு வழக்கம். அந்த வழக்கம் கம்ப்யூட்டருக்குள்ளும் செல்லுபடியாகும் என்பதில் திருவேங்கடத்துக்குச் சந்தேகமே இல்லை.

மெயிலுக்கு உரியவர் ராமானுஜம். பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாக முளைத்திருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் மேனேஜர். புதுப்பட்டினத்துக் கல்யாணம் ஒன்றில் துர்காவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே பெயர் அச்சடித்த கார்டை நீட்டி, "ஒரு மெயில் போடும்மா, பார்க்கலாம்" என்றிருந்தார். எம்.சி.ஏ. முடித்து வீட்டிலிருந்த துர்காவுக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே உறவு அந்தக் கார்டுதான். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அவள் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும். திருவேங்கடம் போட்ட கறார் விலை அது, குறைக்க மாட்டார்.

காலை ஒன்பது மணிக்கு அனுப்பலாம் என்றால், ஊரிலிருந்த பிரவுசிங் சென்டர் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதன் முதலாளி ஏசுதாஸ், இதற்கெல்லாம் கவலைப்படுகிற ஆள் இல்லை.

"இதுக்கு ஏம்மா பேஜாராவுற? மணி குறிச்சு வெச்சா அதுவே போய்க்கும். பொத்தேரி காலேஜ்ல படிக்கிற என் மச்சான் அதுக்குன்னே ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்துக்கீறான். மெஷின அணைக்காம வுட்டுட்டுப் போறேன், போதுமா?"

'தங்களைத் திருமண விருந்தில் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி' என்று தொடங்கி, கடை டெலிபோன் நம்பரில் முடிந்த அந்த மெயில், மறுநாள் சரியாக ஒன்பது மணிக்குப் போணியாகப் போய் விழுந்தது.

பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி ஜெஸ்ஸி, இட்லிப் பானை வாங்கக் கடைக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வேலை கேட்டு மெயில் போடுவதன் சாஸ்திரத்தை எடுத்துச் சொன்னாள். திங்கட்கிழமை கூடாது, அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூடாது. மனசு வீட்டுக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அனுப்பினால் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

"முக்கியமா, ஒண்ணு போட்டா அப்புறம் பத்து நாள் கம்முனு இருக்கணும்டி. நீ ஒண்ணுதானே போட்ட?"

முதல் நாள் ஆறு மணிக்கு அனுப்பியதைக் கணக்கில் சேர்க்காமல், ஒன்றுதான் என்று துர்கா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். இருந்தாலும் மனசு கேட்காமல் சென்டருக்குப் போய்ப் பார்த்தாள். 'ஒரு முறை' என்று குறிக்க வேண்டிய இடத்தில் ஏசுதாஸ் 'தினமும்' என்று குறித்து வைத்திருந்தார். ராமானுஜத்தைச் சந்தித்ததில் அவளுக்கு ஏற்பட்ட பெருமகிழ்ச்சி, அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஞாயிறு உட்பட, அவருக்குத் தெரிவிக்கப்பட்டு வந்திருந்தது.

அங்கேயே உட்கார்ந்து மன்னிப்பு மெயில் ஒன்று எழுதினாள். 'தவறு நேர்ந்துவிட்டது. பொறுத்தருள்க. இனி இப்படி மெயில் வராது.' மன்னிப்பையும் மரியாதையான நேரத்தில் கேட்பதுதான் முறை என்று ஏசுதாஸ் சொன்னதால், அதையும் மறுநாள் காலைக்கு மணி குறித்து வைத்தார்கள்.

பழையது நிற்கவில்லை; புதியதற்கும் ஏசுதாஸ் 'தினமும்' என்றே குறித்திருந்ததால், மறுநாளிலிருந்து இரண்டு மெயில் போயிற்று. ஒன்பது மணிக்குப் பெருமகிழ்ச்சி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, இனி வராது. அடுத்த நாளும் மகிழ்ச்சி, அடுத்த நாளும் இனி வராது.

நிறுத்தச் சொல்லி துர்கா சண்டைக்கே போய்விட்டாள். நிறுத்துவதற்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது மச்சானுக்குத்தான் தெரியும். மச்சானோ காலேஜ் டூரில் ஊட்டிக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை ராமானுஜம் பொறுப்பார் என்று ஏசுதாஸ் ஆறுதல் சொன்னார்.

கதையைக் கேட்ட திருவேங்கடம் தலையில் கைவைத்துக்கொண்டார். தினமும் வந்து விலை கேட்கிறவனை எந்தக் கடைக்காரன் மதிப்பான்?

"மொதல்ல படிய வுட்டு எறங்கு. எறங்கித் திரும்பிப் பாக்காத நட. சரக்கு வேணும்னா அவனே கூப்புடுவான்."

அன்று மாலை ஏசுதாஸ் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, புரோகிராம் ஓடிய மெஷினின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

மறுநாள் ஒன்பது மணி அமைதியாகக் கழிந்தது. இனி கல்லாதான் என்று துர்கா சில்லறை பிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். மத்தியானம் டெலிபோன் அடித்தது.

"துர்காதேவிங்களா? ராமானுஜம் பேசறேன். காலையில உங்க மெயில் வரலையே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார். நல்லாதான் இருக்கேன்."

"அப்பாடா. நாளைக்கு ஆபீசுக்கு வர முடியுமாம்மா?"

ரிசீவரை வைத்துவிட்டு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். திருவேங்கடம், எதிரே தோசைக்கல்லுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாளுக்கு, அவள் கேட்ட விலைக்கே கட்டிக் கொடுத்தார். அந்தக் கடைச் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. பயந்துபோன அம்மாள், கல்லில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

மறுநாள் இன்டர்வியூவில் இரண்டு பேர் புரோகிராம் பற்றிக் கேட்டார்கள். படித்தது வீண்போகவில்லை, தடுமாறாமல் சொன்னாள். ராமானுஜம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே ஆகாம எப்படிம்மா அனுப்பினே?"

"சின்ன வயசுலேர்ந்து பழக்கம் சார்."

சம்பளம் சொன்னார். துர்காவுக்குள் இருந்த பாத்திரக் கடை விழித்துக்கொண்டது. சிரித்தாள், ஃபைலை மூடினாள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "வூட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்தாள். பாதித் தூரம் நடப்பதற்குள் சம்பளம் ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை. கதவின் கைப்பிடியைத் தொட்டபோது இன்னும் ஒருபடி ஏறியது. அப்புறம்தான் திரும்பினாள்.

ரிசப்ஷனில் இருந்த மார்கரெட் அம்மாள் வேலைக்கான உத்தரவை அச்சடித்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். படியிறங்கி ஜெயித்த பெருமையில் துர்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை; ஊரே சந்தோஷமாக இருக்க வேண்டும் போலிருந்தது.

"இன்னா மேடம், நான் சேர்றது புடிக்கலையா?"

மார்கரெட் பெருமூச்சு விட்டாள். "அதில்லம்மா. எங்க நெட் லைன் எப்ப சாவும்னே தெரியாது, ஒம்பது மணிக்கு சாருக்கு உன் மெயில் வந்தாதான் உயிரோட கீதுன்னு வேலைய ஆரம்பிப்போம், இப்ப நீ உள்ள வந்துட்டா நாளையிலேர்ந்து நாங்க எத வெச்சும்மா கண்டுபுடிக்கிறது?"