விசில் சாரின் ஞாயிற்றுக்கிழமை கேக்

திண்டுக்கல்லில் எத்தனையோ பேர் கேக் சுடுகிறார்கள். விசில் ஊதிக் கேக் சுட்டவர் உலகத்திலேயே எங்கள் விசில் சார் ஒருவர்தான். அந்தக் கேக்கைச் சாப்பிட்ட பிறகும் பல்லோடு நடமாடுகிறவன் என்பதால் இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு.

சார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டாலும் கழுத்தில் தொங்கிய விசில் விடவில்லை. நானும் என் மனைவியும் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். குழாயில் தண்ணீர் வந்தால் ஒரு விசில். மோட்டாரை நிறுத்த மறந்தால் நீளமாக இன்னொன்று. அவர் மனைவி டீச்சரம்மா மட்டும் எந்த விசிலுக்கும் திரும்ப மாட்டார். "நான் பாக்காத விசிலா தம்பி, நம்ம வீட்டுக் குக்கர் இதவிட மரியாதையா ஊதும்" என்பார்.

அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்றுகூடத் தெரியாத அந்த மனிதர், ஒரு நாள் மைதா, கோகோ பவுடர், முட்டை, வெண்ணெய் என்று பை நிறைய வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். கோயம்புத்தூரில் இருக்கும் பேத்திக்குச் சாக்லேட் கேக் என்றால் உயிராம். மகன் போனில் சொல்லியிருக்கிறான். "வர்ற ஞாயித்துக்கெழம வாரோம்ப்பா, பாப்போம்" என்றும் சொல்லியிருக்கிறான். சார் 'வாரோம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு 'பாப்போம்' என்பதைப் போனிலேயே விட்டுவிட்டார். பேத்தி அந்த வீட்டு வாசலை அதுவரை மிதித்ததே இல்லை.

வீட்டில் ஓவன் கிடையாது. பேகம்பூரில் கல்யாணப் பிரியாணி போடும் பாய் ஒருவர் சாருக்குப் பழக்கம். அவரிடம் யோசனை கேட்டார்.

"ஓவன் எதுக்கு சார்? பிரியாணி ஆக்குற சின்ன தேக்சா ஒண்ணு தாரேன். உள்ள மணலக் கொட்டி அதுமேல கிண்ணத்த வைங்க. மூடி மேல கங்கப் போடுங்க. செத்த நேரம் தம்முல கெடந்தா எதுவும் வெந்துரும்."

வெந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து பிரியாணியைத் தவிர வேறெதையும் பார்த்திராத தேக்சா அது. மூடியைத் திறந்ததும் பட்டையும் கிராம்புமாகக் கிளம்பிய வாசம் தெருக்கோடி வரை போனது. எதிர்வீட்டுக்காரர் 'யாருக்கு விசேஷம்' என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார்.

அந்த ஞாயிறு மகன் வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கீழேயிருந்து விசில். போனேன்.

"தம்பி, கேக்கு மிஞ்சிருச்சு. எடுத்துக்க."

மிஞ்சவெல்லாம் இல்லை. கத்தியே படாமல் முழுசாக இருந்தது. என் மனைவி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "இதுக்குத் தயிர்ப் பச்சடி வைக்கணுமா?" என்று கேட்டாள்.

சார் அசரவில்லை. ஓவன் வாங்கினார். மாவு கலக்குவதையும் டிரில்லாக மாற்றினார். விசில் ஊதினால் கரண்டி வலப்பக்கம் சுற்றும், மறுபடி ஊதினால் இடப்பக்கம். கேக் வெந்துகொண்டிருக்கும்போது ஓவன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டி நிற்பார். ஒரு ஞாயிறு பாதி வேக்காட்டில் கரண்டு போய்விட்டது. மின்சார வாரியம் இருக்கும் திசையைப் பார்த்து அவர் ஊதிய விசிலில் தெரு நாய்கள் எல்லாம் இடம் மாறிப் படுத்தன. இன்னொரு ஞாயிறு வந்த கேக்கை நாங்கள் உடைக்க முடியாமல், காற்றில் அடித்துக்கொண்டிருந்த மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். மழையில் நனைந்தும் அது கரையவில்லை.

சனிக்கிழமை வந்தாலே எனக்குப் பல் கூச ஆரம்பித்தது. மகன் குடும்பம் வந்தால் கேக் அவர்களுக்கு. வராவிட்டால் எங்களுக்கு. ஆகவே அவர்கள் வர வேண்டும் என்று எங்கள் தெருவில் உருகி வேண்டிக்கொண்டவன் நான்தான். என் பல்லுக்காகத்தான் வேண்டினேன். எந்த வேண்டுதலும் பலிக்கவில்லை. நாலு மணிக்கு விசில் வந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் டீச்சரம்மாவிடம் கேட்டேன்: "ஏன் டீச்சரம்மா வர மாட்டேங்கிறாங்க?"

அவர் முட்டை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். மகனுடைய கல்யாணத்தில் பந்தியை ஒழுங்குபடுத்தும் வேலையைச் சார் தானாக எடுத்துக்கொண்டாராம். நம் ஊர்ப் பந்தி தெரியுமே. சாப்பிடுகிறவர் சாம்பாரில் இருக்கும்போதே அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிடுவார். அப்படி ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் பெண்ணைப் பெற்றவர், ரெட்டியார்சத்திரத்துச் சம்பந்தி. விடிந்ததிலிருந்து ஓடியாடிப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன். சார் அவர் முகத்துக்கு நேராக விசிலை ஊதி, "பின்னாடி போய் லைன்ல வாங்க, எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தான்!" என்றிருக்கிறார். மண்டபமே சிரித்தது. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே வெளியேறிவிட்டார். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மருமகள்தான், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அந்த மனுசங்கிட்டப் போயி தப்புதான்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. அதுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டு மைதா, இம்புட்டு முட்ட?" என்றார் டீச்சரம்மா. அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கும் அதற்கப்புறம் அந்தக் கேக்கைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

அன்று சாயங்காலமே டீச்சரம்மா சொன்னதைச் சாரிடம் சொன்னேன். ஊதுவார் என்று காதைப் பொத்தத் தயாராகத்தான் நின்றேன். ஊதவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கேக் டப்பாவை என் கையில் கொடுத்து, "வண்டிய எடு" என்றார்.

ரெட்டியார்சத்திரம் போகும் வரை பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்கிறார் என்று புரிந்தது. சம்பந்தி வாசலில் முருங்கைக்காய்க் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சம்மந்தி, உக்காருங்க" என்றார். சார் உட்காரவில்லை. கொடியேற்றத்தில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று, "கேக்கு" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"எனக்குச் சுகருங்களே" என்றார் சம்பந்தி.

"அப்பச் சரி" என்று சார் வண்டியைப் பார்த்துத் திரும்பிவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு உங்களச் சாப்பிட விடாம பண்ணிட்டேன். தப்பு எம்மேலதான்."

சம்பந்தி என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தேன் இருக்குங்க. எனக்கென்னங்க, அன்னைக்கே வழில நின்னு பரோட்டா தின்னுட்டேன். கோவமும் அதோட செமிச்சுப் போச்சு. எம்பொண்ணுதான் கல்யாணச் சேலையோட வாசல் வரைக்கும் ஓடியாந்து 'சாப்ட்டுப் போங்கப்பா'ன்னு அழுதா. அவளுக்கு இன்னும் செமிக்கலீங்க. நானும் சொல்லிக்கிட்டுத்தேன் இருக்கேன்."

திரும்பி வரும்போது சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, நல்லா இருக்குன்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு சார்."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு வாரம் இன்னும் நன்றாக வந்தது. மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே ஈரமாக, நாக்கில் வைத்ததும் கரைகிற சாக்லேட். ஆனால் மருமகள் வரவில்லை. மகன் 'பாப்போம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு விசில் வருவதும் நின்றுபோயிற்று. தட்டோடு சாரே படியேறி வந்தார். கல்லாக இருந்த காலத்தில் கடித்து விழுங்கிய கேக்கை, இப்போது ஒரு வாய் தின்றுவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பேன். "நல்லாருக்கா?" என்று கேட்பார். தலையை மட்டும் ஆட்டுவேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கும்.

போன வருஷம் எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகிவிட்டது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவருக்குப் போன் செய்கிறேன்.

"சார், இன்னைக்குக் கேக்கு?"

"அப்படியே இருக்கு தம்பி. வாரியா?"

என்றாவது ஒரு ஞாயிறு, பின்னால் ஒரு சின்னக் குழந்தை தாறுமாறாக விசில் ஊதுகிற சத்தத்துக்கு நடுவே, "உனக்குக் கெடையாது, போ தம்பி!" என்று அவர் என்னை விரட்ட வேண்டும். அதைக் கேட்பதற்காகத்தான் விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறேன்.