காளான் கூடாரத்துக்குக் காற்று விட்ட கதை

காற்றைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருபத்தாறு வயதில் முழுமனதோடு நம்பினேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பட்டு முடித்துவிட்டேன்.

நம்பியதற்குக் காரணமும் இருந்தது. ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் எனக்கு ப்ளோயர் பிரிவில் வேலை. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கொட்டகைக்குள் தூசி நுழையக்கூடாது. அதற்காக வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் ராட்சத ப்ளோயர்கள் உண்டு. அவற்றைக் கழற்றுவது, துடைப்பது, திரும்ப மாட்டுவது, இதுதான் நாள் முழுக்க. (கழற்றும்போது நான்கு போல்ட் இருக்கும், மாட்டும்போது மூன்றுதான் இருக்கும். நாலாவது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.)

எழுபதுகளின் தொடக்கம். சேக்காட்டில் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறையும் சமையலறையுமாகக் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. என் மனைவி லோகநாயகி, அதாவது லோகு, மாசமாக இருந்தாள். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. சோறு கொதித்தால் குமட்டும், ரசம் தாளித்தால் குமட்டும், என் சட்டையில் ஒட்டியிருக்கும் பெயின்ட் வாசனைக்குக் குமட்டும். மூன்று மாதத்தில் விட்டுவிடும் என்றார்கள். நான்கு முடிந்தும் விடவில்லை. வளையலெல்லாம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாரிவாக்கத்திலிருந்து வந்து பார்த்த என் மாமியார் தேசம்மா தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

"அஞ்சாம் மாசம் சோறு கட்டிக்கினு வருவேன் மாப்ளே. அன்னிக்கும் எம்பொண்ணு இப்டியே குச்சியாட்டம் கீதுன்னு வெச்சுக்கோ, அப்டியே கையப் புடிச்சி இட்டுகினு போயிட்டே இருப்பேன். அப்பால புள்ள பொறந்து அஞ்சாறு மாசம் கழிச்சித்தான் உங்க ஊடு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம். "சாப்பாட்டுக்குக் கஷ்டமாயிடுமே அத்தே" என்று மட்டும்தான் வாய் சொன்னது. அவள் இல்லாத வீட்டுக்கு ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதை மாமியாரிடம் சொல்ல முடியுமா?

"உனுக்கு இன்னாதான் புடிக்கும், சொல்லு. எங்கியாவது போயி வாங்கினு வரேன்" என்று லோகுவைக் கேட்டேன்.

"எதுவும் வாணாங்க. இடி இடிச்சா எங்க ஊட்டு வைக்கோல் போர் ஓரமா காளான் மொளைக்கும். அது கெடச்சா ரெண்டு வாய் துன்னுவேன்."

அப்போது சித்திரை மாதம். வானத்தில் இடி இல்லை, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வேறு ஆளாக இருந்தால் இன்னொரு முறை மாம்பழம் வாங்கிக் கொடுத்துப் பார்த்திருப்பான். நானோ தொழிற்சாலைக்காரன். இடி வராவிட்டால் என்ன, காளானை வீட்டிலேயே வளர்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

வைக்கோலில் காளான் வளர்க்கும் முறை அப்போதுதான் பரவ ஆரம்பித்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் இரண்டு பாட்டில் காளான் விதையும் ஒரு துண்டறிக்கையும் கிடைத்தன. வைக்கோலுக்கு நேராகப் பாரிவாக்கம் போய், மாமனார் வீட்டுப் போரிலிருந்தே சைக்கிள் கேரியரில் இரண்டு நடை ஏற்றிவந்தேன். எதற்கு என்று மாமியார் கேட்டபோது, மர்மமாகச் சிரித்துவிட்டு மிதித்துவிட்டேன்.

அறையின் ஒரு மூலையில் நான்கு மூங்கில் கழிகளை நட்டு, மேலேயும் சுற்றிலும் பாலிதீன் தாளைப் போர்த்திக் கட்டினேன். ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கூடாரம். உள்ளே பலகை மேல் நனைத்த வைக்கோலை அடுக்கடுக்காக வைத்து, நடுவில் விதையைத் தூவியாயிற்று. வெளியே தெரியாமல் இருக்க லோகுவின் பழைய புடவை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டேன். அறையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு டிரங்குப் பெட்டியும் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

மூன்றாம் நாள் வாசனை கிளம்பியது. ஈர வைக்கோல் புழுங்கும் வாசனை. மாட்டுக் கொட்டகைக்குள் குடித்தனம் நடத்துவது போல இருந்தது. எனக்குத் திக்கென்றது. ரசம் தாளித்தாலே ஓடுகிறவள் இதை எப்படித் தாங்குவாள்? லோகு ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் பேசாமல் இருந்தால் அது தியாகம் என்று எடுத்துக்கொள்ளும் வயது எனக்கு. கூடாரத்துக்குக் காற்றோட்டம் செய்தே தீரவேண்டும் என்று முடிவு கட்டினேன்.

துண்டறிக்கையிலும் காற்றோட்டம் பற்றி ஒரு வரி இருந்தது. 'ஐந்தாம் நாள் முதல் காலையும் மாலையும் அரை மணி நேரம் பாலிதீன் தாளைத் தூக்கிவிடவும்.' அவ்வளவுதான். படித்துவிட்டுச் சிரித்தேன். தாளைத் தூக்கிவிடுவதாம்! ப்ளோயர் பிரிவில் நான்கு வருஷம் சர்வீஸ் போட்டவனிடம் சொல்கிற பேச்சா இது?

அம்பத்தூரில் சின்ன இரும்புப் பட்டறை வைத்திருந்த நண்பன் பெருமாளிடம், உலைக்குக் காற்று ஊதும் பழைய மோட்டார் ப்ளோயர் ஒன்று சும்மா கிடந்தது. இரவல் கேட்டேன்.

"மச்சான், இது இரும்பையே பழுக்க வெக்கிற காத்து. உனுக்கு இன்னாத்துக்கு?" என்றான்.

"காளானுக்குடா."

பெருமாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ப்ளோயரைக் கேரியரில் கட்டிக்கொடுத்தான்.

குழாய்க்கு டீக்கடையிலிருந்து காலி வனஸ்பதி டின்கள் பன்னிரண்டு வாங்கினேன். அடியை வெட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்ததும் அருமையான குழாய் ஆகிவிட்டது. எங்கள் அறையின் பின்சுவரில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் உண்டு. அதில் ப்ளோயர். அங்கிருந்து கூடாரத்துக்கு டின் குழாய். கூடாரத்தின் கெட்ட காற்றை ப்ளோயர் இழுத்து வெளியே தள்ளிவிடும் என்பது திட்டம். (வென்டிலேட்டருக்கு நேர் எதிரே, கைநீட்டினால் எட்டும் தூரத்தில், பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் அடுப்படி ஜன்னல் இருந்தது. அந்தக் கெட்ட காற்று அவர்கள் குழம்பில் போய் இறங்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கவலை என் வீட்டோடு நின்றுவிட்டது.) காற்று ஒழுகக்கூடாது என்று கூடாரத்தின் ஓரங்களையெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன்.

சனிக்கிழமை மாலை மாட்டி முடித்து, சுவிட்சில் கை வைக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மறுநாள் காலையில்தான் வந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பதினோரு மணிக்கு மாமியார் கோஷ்டி வந்து இறங்கிவிட்டது.

மாமியாரும் உறவுக்காரப் பெண்கள் நான்கு பேரும். கையில் தூக்கு, இடுப்பில் பாத்திரம். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து வகை. அறையின் மீதிப் பாதியில் எல்லோரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, நடுவில் பாத்திரங்களைத் திறந்துவைத்தார்கள். மாமியார் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"மாப்ளே, மாட்ட எங்க கட்டிக்கீறீங்க?"

"இன்னா மாடு அத்தே?"

"அம்மாம் வைக்கோலு வாங்கினு வந்தீங்களே. புள்ளத்தாச்சிக்குப் பாலு ஓணும்னு மாப்ளே மாடு வாங்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே. உள்ளியா கட்டிக்கீறீங்க?"

லோகு என்னைப் பார்த்தாள். எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. காலையில்தான் பார்த்திருந்தேன், வைக்கோல் நெடுகக் கோழி முட்டை போலக் காளான் மொட்டுகள் விட்டிருந்தன. முதலில் வாசனையை வெளியேற்றுவது, பிறகு திரையை விலக்குவது, மாமியார் மலைத்துப்போய், 'எம்பொண்ணு இங்கியே இர்க்கட்டும்' என்று சொல்வது. எல்லாவற்றையும் மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு நிமிசம் அத்தே, காத்து எப்டி மாறுதுன்னு பாருங்க" என்று சுவிட்சைப் போட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். வேலையில் நான் மாட்டிய ப்ளோயர்கள் எல்லாம் காற்றை உள்ளே தள்ளுகிறவை. நான்கு வருஷம் அதையே செய்த கை, சனிக்கிழமை மாலையும் என்னைக் கேட்காமல் அதையே செய்திருக்கிறது. வெளியே பார்க்கவேண்டிய ஊதும் வாய் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

ப்ளோயர் ஊளையிட்டது. திரைக்குப் பின்னால் ஏதோ மூச்சு இழுத்தது. புடவை மெதுவாக எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. இரும்பைப் பழுக்கவைக்கிற காற்று போய்ச்சேர வழியில்லாமல் கூடாரம் உப்பிக்கொண்டே போனது.

"மாடு எழுந்திரிக்குதுடி!" என்று ஒரு பெண் அலறினாள்.

அதே நேரத்தில் அண்ணாச்சி வீட்டு அம்மாள் அடுப்படியில் மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் புகை மொத்தத்தையும் என் ப்ளோயர் விசுவாசமாக இழுத்துக் கூடாரத்துக்குள் நிரப்பியது. நான் சுவிட்சுக்குத் தாவுவதற்குள் டப்பென்று ஒரு சத்தம். கூடாரம் வெடித்தது.

ஈர வைக்கோல் சர்க்கரைப் பொங்கலில் விழுந்தது, புளிச்சோற்றில் விழுந்தது, விட்டத்தில் தொங்கியது. மாமியார் கொண்டையில் மூன்று காளான் மொட்டுகள். அதன் பின்னாலேயே மிளகாய்ப் புகை. ஐந்து பெண்களும் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் கதவைத் தேடினார்கள். டின் குழாய் ஒவ்வொரு டின்னாகக் கழன்று விழுந்து, நிதானமாகத் தாளம் போட்டது.

வாசலில் அண்ணாச்சி வீட்டு அம்மாள் கரண்டியோடு ஓடிவந்து நின்றார். "என்ன தம்பி, வீட்டுக்குள்ள வெடி கிடி போட்டியளா?" என்றவர், ஒரு கணம் நின்று, "ஆனா ஒண்ணு. எம்புட்டு வத்தல் வறுத்தேன், என் அடுப்படியில ஒரு பொட்டுப் புகை இல்ல. எங்களுக்கும் இதுல ஒண்ணு மாட்டித் தாரியளா?" என்றார்.

நான் வைக்கோலுக்கு நடுவில் தலைகுனிந்து நின்றேன். லோகுவின் துணிமணிகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. லோகு. சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான்கு மாதமாகியிருந்தது.

மாமியார் கொண்டையிலிருந்து ஒரு மொட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்து படாம இது மொளைக்காதே. இத யாரு தொறந்து வுட்டுகினு இருந்தது?"

"நான்தாம்மா" என்றாள் லோகு. "அவரு வேலைக்குப் போனதும் அரை மணி, வர்றதுக்கு முன்ன அரை மணி தாளத் தூக்கி வுடுவேன். அந்தச் சீட்டுல எழுதிக்கீதே."

"அந்த நாத்தம் கொமட்டலியாடி உனுக்கு?"

"அது நம்ப ஊட்டு வாசனம்மா. அது கிட்ட குந்திகினாத்தான் ரெண்டு வேள கஞ்சியாவது உள்ள போவுது. எனுக்குக் கொமட்டறது அந்த எண்ணெ டப்பாங்கதான். அவரு ஆசையா பண்ணாரேன்னு சொல்லல."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். பத்து நாளாக நான் வாசனையைத் துரத்தத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அவளோ என்னோடு இருப்பதற்காக அந்த வாசனையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த கோபமும் அவள் மேல் வந்த பிரியமும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தரையிலும் பொங்கலிலும் கிடந்த காளான்களை ஆளுக்கொரு பக்கம் பொறுக்கினோம். மாமியார் கழுவி, மிளகு போட்டு வறுத்தார். லோகு இரண்டு வாய் சாப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாய் சாப்பிட்டாள். தட்டு காலியாயிற்று. அரை மணி நேரம் போயும் எதுவும் திரும்பி வரவில்லை.

மாலையில் பஸ் ஏறும்போது மாமியார் மகளைத் தனியாக இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். லோகு தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வைக்கோலு ஓணும்னா வந்து எடுத்துகினு போங்க மாப்ளே" என்றார். பஸ் போய்விட்டது. லோகு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காதில் என்ன சொன்னார் என்று எவ்வளவு கேட்டும் அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நான் எந்த சுவிட்சைப் போட எழுந்தாலும் அவள் முந்திக்கொண்டு எழுந்து போட்டுவிடுவாள். புருஷனுக்குத் தரும் மரியாதை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

எங்கள் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்கு அஞ்சாம் மாசம் வந்தது. நாங்கள் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனோம். நல்ல வெயில். "அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க சம்பந்தி" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். நான் கையை நீட்டியதுதான் தாமதம், எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பாத்திரங்கள் மேல் குப்புற விழாத குறையாகப் பாய்ந்து முந்தானையால் மூடினார்கள். சம்பந்தி வீட்டார் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

லோகு சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்துவந்து, என் கையை சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. எங்கம்மா என்னிய இவரு கூட வுட்டுட்டுப் போனதே இந்த ஒரு கண்டிஷன் மேலதான்."